வாடகைக்காரரின் இடது தோள்

தையல்காரர் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. நாற்பது வருடத் தொழில் அப்படி. பார்வை நேரே தோளில் விழும், அங்கிருந்து இடுப்புக்கு இறங்கும், அத்தோடு ஆள் மனப்பாடம். சொந்தச் சம்பந்தியையே சட்டையின் முதுகுச் சுருக்கத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார் என்று ஊரில் பேச்சு.

அவருடைய தையல் கடையை விற்று, இருநூறு வருடத்து மாளிகையில் ஒரு ஃப்ளாட் வாங்கச் சொல்லி மாப்பிள்ளை மூன்று மாதமாக நச்சரித்தார். "மாமா, மாளிகையைப் பன்னிரண்டு வீடா பிரிச்சிருக்காங்க. எல்லாத்துலயும் ஆள் குடியிருக்கு. பிடிச்ச ஒண்ணை எடுத்துக்கிட்டு நீங்க காலாட்டிக்கிட்டே வாடகை வாங்கலாம்." ஒப்பந்தக் காகிதம் மாப்பிள்ளையின் பையிலேயே இருந்தது. கையெழுத்து விழுந்தால் மறுநாள் கடைச் சாவி கை மாறிவிடும்.

இருவரும் மாளிகைக்குப் போனபோது தரகர் வாசலில் காத்திருந்தார். கோட்டு இரவல் என்பது தையல்காரருக்குப் பத்தடி தூரத்திலேயே தெரிந்தது.

முதல் மாடியில் ஒரு பேராசிரியர் கதவைத் திறந்தார். மூக்குக்கண்ணாடி, கையில் தடிப் புத்தகம். "அருமையான வீடுங்க. வாடகை ஒண்ணாந்தேதி டாண்ணு குடுத்துடுவேன்." கதவு சாத்திக்கொண்டது. இடது தோள் அரை அங்குலம் இறக்கம் என்று தையல்காரர் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாடிக்குப் பதினெட்டே படிகள். ஆனால் தரகர் படிக்கொரு வரலாறு சொன்னார். இந்தப் படியில் ஒரு பிரபு வழுக்கினார், இதில் அவர் மனைவி சிரித்தார், இதில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குள் சுவருக்குள்ளே ஏதோ தடதடவென்று மேலே ஏறியது.

"என்னங்க சத்தம்?"

"பழைய வீடு சார். மரம் சோம்பல் முறிக்குது."

மரம் செருப்புப் போட்டுக்கொண்டு சோம்பல் முறித்து அவர் கேட்டதில்லை.

இரண்டாம் மாடியில் ஒரு டாக்டர். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கனத்த மீசை. அவரும் ஒண்ணாந்தேதி டாண்ணு கொடுப்பாராம். இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.

மூன்றாம் மாடி ஏறும்போது தரகர் பிரபுவின் பேரன்களையும் வரலாற்றில் சேர்த்தார். கதவைத் திறந்தவர் கப்பல் கேப்டன். வெள்ளைத் தொப்பி. மூச்சு இரைத்தது. வியர்வையில் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. "வாடகை... ஒண்ணாந்தேதி..." என்றவரால் டாண்ணு வரை போக முடியவில்லை.

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். "கையைத் தூக்குங்க தம்பி."

கேப்டன் தன்னையறியாமல் தூக்கினார்.

"டாக்டருக்கும் இதே தோள். பேராசிரியருக்கும் இதே தோள். ஆண்டவன் துணியைச் சிக்கனம் பண்ணிட்டாரு போல."

"மூணு பேரும் அண்ணன் தம்பிங்க சார்," என்றார் தரகர், கண்கூடச் சிமிட்டாமல்.

"சந்தோஷம். மூணு பேரையும் ஒண்ணா நிக்க வைங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

தரகர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால இனி ஒரு படி ஏற முடியாதுண்ணே. அந்தக் காலத்து வேலைக்காரங்க படி, சுவத்துக்குள்ள ஆள் பக்கவாட்டுலதான் போகணும். நாடகக் கம்பெனிலகூட என்னை இப்படி ஓட விட்டதில்ல. பன்னிரண்டு வீட்லயும் நான் ஒருத்தன்தாங்க."

மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. "மாமா, அப்போ வாடகை?"

"அவருக்கு மூச்சு வரட்டும், மத்த பதினோரு பேரையும் கேட்டுச் சொல்லுவார்," என்றார் தையல்காரர்.

இறங்கும்போது, கடை விற்பனைக்கு இல்லை என்று தையல்காரர் சொன்னார். மாப்பிள்ளை ஒவ்வொரு படியிலும் நின்று, சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.