ரெண்டு வரி அக்காவின் நீண்ட ஜெபம்

அந்தச் சலவைத் தொழிற்சாலையில் அவளுக்கு 'ரெண்டு வரி அக்கா' என்று பெயர். அவள் ஜெபம் ரெண்டு வரியைத் தாண்டாது. "ஆண்டவரே, இந்த நாளைக் கொடுத்தீங்க, நன்றி. எல்லாரையும் காப்பாத்துங்க, ஆமென்." அவ்வளவுதான். மற்றவர்கள் ஊரிலிருக்கும் சித்தப்பா மகனின் மைத்துனன் வரைக்கும் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, இவள் டீ ஆறுகிறதே என்று கவலைப்படுவாள்.

கடல் தாண்டி வந்து எட்டு வருஷம். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் விட்டுத் தேய்த்தெடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவை மேனேஜர் போன வருஷமே பிடுங்கிக்கொண்டார். பதிலுக்கு, அன்றைக்கு ஷிப்டுக்கு முன்னால் விடுதிச் சாப்பாட்டு அறையில் அரைமணி நேரம் ஜெபக்கூட்டம். அவரே நடத்துவார். மற்ற நாளெல்லாம் 'சார்' என்று கூப்பிடாவிட்டால் முறைக்கிறவர், அந்த அரைமணி மட்டும் 'பிரதர்'. ஒரு சட்டமும் போட்டிருந்தார்: ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. அடுப்பில் பால் பொங்குகிறதே என்று சமையல்காரம்மா ஒருமுறை பாதியில் எழுந்ததற்கு, "தேவ சமூகத்துல பாலா முக்கியம்?" என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

பக்கத்துக் கட்டிலில் படுப்பவள் அக்காவுக்குத் தங்கச்சி. கூடப் பிறக்கவில்லை, அது ஒன்றுதான் குறை. அவள் நிற்கும் மெஷினில், கை பட்டால் உருளையை நிறுத்த ஒரு கம்பி உண்டு. அது மூன்று மாதமாக வேலை செய்யவில்லை. அக்கா மூன்று தடவை போய்ச் சொன்னாள். "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். செவ்வாய்க்கிழமை தங்கச்சியின் வலது கை விரல் அஞ்சும் வெந்துபோயின.

இப்போது ஒரு காகிதம் தயார்: 'தொழிலாளியின் கவனக்குறைவு'. அதைக் காட்டி, வைத்தியச் செலவு தராமல் நாளைக்கே அவளை ஊருக்கு ஏற்றிவிடப் போகிறார்கள். சாட்சிக் கையெழுத்து மட்டும் பாக்கி. சாட்சி, பக்கத்தில் நின்ற அக்காதான்.

"ஜெபம் முடிஞ்சதும் போட்டுடுங்க சிஸ்டர்," என்று காகிதத்தை மேஜையில் வைத்தார் மேனேஜர். வெளியே எல்லாரையும் ஷிப்டுக்கு ஏற்றிப்போகும் வேன் காத்திருந்தது. நேரமாகிவிட்டது என்பதால், "முடிவு ஜெபம் நீங்களே பண்ணிடுங்க," என்றும் சொன்னார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார் மனுஷன்.

கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த தங்கச்சி உட்பட இருபத்திரண்டு பெண்களும் கண்ணை மூடினார்கள். அடுத்த மாதம் அக்கா தன் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிறவரும் இதே பிரதர்தான். போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஆண்டவரே, இந்த நாளைக் கொடுத்தீங்க, நன்றி. மெஷின் கம்பி வேலை செய்யலன்னு பிரதர்கிட்ட மூணு தடவ சொன்னேன். நீங்களும் கேட்டுட்டுதான் இருந்தீங்க. இப்ப இந்தப் பொய்க்கு என்னைச் சாட்சி சொல்லச் சொல்றாங்க. போட மாட்டேன் ஆண்டவரே."

"ஸ்தோத்திரம்," என்று ஒரு குரல் மூலையிலிருந்து வந்தது. வேன் ஹாரன் அடித்தது.

"சிஸ்டர், சுருக்கமா..." என்றார் மேனேஜர் மெதுவாக.

"பிரதர் சுருக்கச் சொல்றார் ஆண்டவரே. எனக்கும் ஆசைதான். ஆனா அந்தப் பேப்பர் மாறாம என் வாயிலேர்ந்து ஆமென் வராது. அதுவரைக்கும் தங்கச்சியோட ஒவ்வொரு விரலுக்கா ஜெபிக்கிறேன். கட்டை விரல். இதை வெச்சுதான் மகளுக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டினா."

ஆட்காட்டி விரலுக்கு ஒரு ஹாரன், நடுவிரலுக்கு ஒரு ஹாரன்.

"மோதிர விரல், ஆண்டவரே. கல்யாண மோதிரத்த வெட்டித்தான் எடுத்தாங்க." பல பேர் விசும்பினார்கள்.

மேனேஜர் தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்துக் கண்ணைத் திறந்தார். "எல்லாரும் எந்திரிங்க! வேன் நிக்குது!"

"தேவ சமூகத்துல வேனா முக்கியம்?" என்றாள் சமையல்காரம்மா, கண்ணைத் திறக்காமலே.

ஒருத்தியும் அசையவில்லை. சிரிப்பை அடக்கியதில் ஒரு பெஞ்சு மட்டும் குலுங்கியது. கடைசியில் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"ஆண்டவரே, தங்கச்சி மட்டும் கண்ணத் திறந்து, எழுதினத சத்தமா வாசிக்கட்டும்."

தங்கச்சி காகிதத்தை இடது கையில் எடுத்தாள். "கவனக்குறைவ அடிச்சுட்டாரு. 'மெஷின் பழுது. குணமாகும்வரை வைத்தியம் இங்கேயே, கம்பெனி செலவில்.' கையெழுத்தும் போட்டிருக்காரு அக்கா."

அக்கா பாக்கியிருந்த ரெண்டாவது வரியைச் சொன்னாள்.

"எல்லாரையும் காப்பாத்துங்க, ஆமென்."

"ஆமென்!" அறையே அதிர்ந்தது.

அக்கா இன்னும் கண் திறக்கவில்லை. "பிரதரோடது வரல ஆண்டவரே."

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஆமென்," என்றார் மேனேஜர்.