சிரிக்காத கவுண்டர்

"மாத்திரை வாங்க வர்றவங்களை மட்டும் ஏன்க்கா இப்படி எழுந்து நின்னு கூப்பிடுறீங்க?" என்று ஆய்வுக்கு வந்த பெண் ஒருநாள் கேட்டபோது, ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. பிரிவு ஆலோசகர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

எச்.ஐ.வி. மாத்திரை வாங்குகிறவர்கள் பாதியில் நின்றுபோவது ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் பெண் வந்திருந்தாள். அப்படி நின்றுபோனவர்களில் ஒரு தையற்காரரும் உண்டு. மாத்திரையால் நன்றாகத் தேறியவர். விட்டுவிட்டால் கிருமி மறுபடி தலைதூக்கும். அவர் பெயரைத்தான் ஆலோசகர் பட்டியலில் முதலில் எழுதிக் கொடுத்தார்.

ஆய்வுப் பெண் நின்றுபோன எல்லோரிடமும் போனில் பேசினாள். யார் சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, சொன்னதை மட்டும் கொண்டுவந்தாள். இந்த ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லையாம். அக்கா ஒருவர்தான் வாசல்வரை வந்து, 'வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா' என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிடுகிறாராம். அக்கா யாரைக் கொஞ்சுகிறாரோ அவருக்கு என்ன நோய் என்று பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடுகிறதாம்.

ஆலோசகருக்கு முகம் தொங்கிப்போனது. பிறகு தானே சிரித்துவிட்டார். "அன்பு காட்டியே ஆளை விரட்டியிருக்கேன் பாரு."

எச்.ஐ.வி. மாத்திரைக்கென்று இருந்த தனி அறையைப் பூட்டினார்கள். சளிக்கும் சர்க்கரைக்கும் மருந்து தருகிற பொதுக் கவுண்டரிலேயே இதையும் தருவது, பேச வேண்டியதைப் போனில் பேசிக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கவுண்டரின் மருந்தாளுநருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். நோய் எதுவானாலும் அவர் காட்டும் முகம் ஒன்றுதான். ஆலோசகரும் அங்கேயே மாறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்காமலிருக்கப் பாடம் படித்தார்.

"சிரிப்பு வந்தா கூரையைப் பாரும்மா," என்றார் அவர். "என் கல்யாணத்துலயே நான் அப்படித்தான் நின்னேன்."

வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, பல்வலியா என்று கணவர் விசாரித்தார்.

புது ஏற்பாட்டை ஆய்வுப் பெண் எல்லோருக்கும் போனில் சொன்னாள். சிலர் வந்தார்கள். தையற்காரர் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்தே ஆலோசகருக்குக் கழுத்து வலித்தது.

கூட்டம் நெரித்த ஒரு காலையில், இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குப் பின்னால் தையற்காரர் நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். 'தம்பி' என்ற சொல் ஆலோசகரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார்.

"சீட்டைக் கொடுங்க. பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க," என்று அவர் முறை வந்ததும் எரிந்து விழுந்தார்.

"நமக்கெல்லாம் இங்க இவ்வளவுதான் மரியாதை," என்று மருந்தோடு ஒதுங்கி நின்ற பெரியவர் தையற்காரரிடம் அலுத்துக்கொண்டார்.

தையற்காரர் மாத்திரையை வாங்கித் தோள்பையில் போட்டார். ஒருமுறை நிமிர்ந்து ஆலோசகரைப் பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு, மற்ற எல்லோரையும் போல, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.