பால்கனிக்குக் கீழே எட்டு வரிசை

மேடையில் நின்று உதவியாள் செம்மல் அதே மூன்று வார்த்தைகளை நாற்பதாவது முறையாக மைக்கில் சொன்னான்.

"பஸ் ஸ்டாண்டு. ஆஸ்பத்திரி. போலீஸ் ஸ்டேஷன். போதுமாக்கா? எல்லா எடத்துக்கும் போய்ட்டு வந்துட்டேன்."

"இன்னொரு வாட்டி போய்ட்டு வா."

முதலியார்பேட்டையில் அன்று மாலை திறக்கவிருந்த கல்யாண மண்டபம் அது. அஞ்சலாட்சி சாக்பீஸுடன் நாற்காலிகளுக்கு நடுவே பின்னோக்கி நடந்தாள். அந்த வார்த்தைகளில் 'ஸ்' மங்கிவிட்டால் குரல் கேட்கும், பேச்சு புரியாது. மங்கிய இடத்தில் எல்லாம் தரையில் கோடு போட்டாள். கோடுகள் முழுக்கப் பால்கனிக்குக் கீழே, கடைசி எட்டு வரிசையில் விழுந்தன.

ஒலிபெருக்கி கான்ட்ராக்டர் விமல்ராஜ் வந்து பார்த்தார். "முன்னாடி நாலு ஸ்பீக்கர் பெட்டி ஏத்தி சவுண்ட கூட்டிடு அஞ்சல."

"கூட்டுனா பின்செவுத்துல மோதி திரும்பி வரும் சார். ரெண்டு சின்ன பெட்டி போதும், பால்கனிக்கு அடியில."

"ஓனர் கடைசி வரிசையில ஒக்காந்து கேப்பாரு. புரியலன்னா மொத்தத்தையும் கழட்டச் சொல்லிடுவாரு. புரிஞ்சா இங்க நிரந்தர ஆபரேட்டர் நீதான்."

பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலி. அஞ்சலாட்சி ஏணியில் ஏறினாள். மேடைப் பெட்டிகளை முதல் கோட்டைப் பார்த்துச் சாய்த்தாள். சின்னப் பெட்டிகளை மாட்டி, மேடையிலிருந்து டேப் பிடித்தாள். ஐம்பத்து நான்கு அடி.

"அடிக்கு ஒரு மில்லிசெகண்ட் லேட்டு, மேல கொஞ்சம். அறுபது வைடா. மேடைச் சத்தம் வந்த பொறவுதான் இது பேசணும்."

செம்மல் மறுபடி பஸ் ஸ்டாண்டு போனான். இந்த முறை கோடு போட இடமே இல்லை.

மாலை. மண்டப ஓனர் காசிலிங்கம் கடைசி வரிசையில் கண்ணை மூடிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவரிடம், "இங்க பெட்டியே வைக்கல போலிருக்கே. மேடையிலேருந்தே இவ்ளோ சுத்தமா வருது," என்றார். பெட்டி அவர் தலைக்கு மேலேயே பாடிக்கொண்டிருந்தது. தூணோரம் நின்ற அஞ்சலாட்சி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

காசிலிங்கம் மேடை ஏறி மைக்கை வாங்கினார். "இந்த சவுண்ட் சிஸ்டத்த செஞ்சது விமல்ராஜ் சார். அவரு மச்சானையே இங்க ஆபரேட்டரா போட்டிருக்கோம்."

கைதட்டினார்கள். தூணை ஒட்டியிருந்த மிக்சர் பக்கம் நின்ற செம்மல் அவளைப் பார்த்தான். "அக்கா..."

"சிஸ்டம்னாரே, 'ஸ்' வந்துச்சு பாத்தியா? கடைசி வரிசை வரைக்கும்."

இஸ்திரி கலையாத சட்டையில் அந்த மச்சான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மிக்சரில் வரிசையாக இருந்த திருகுகளைப் பார்த்தான்.

"இதுல வால்யூம் எதுங்க?"

அஞ்சலாட்சி குனிந்து காட்டினாள். விரல் நுனியில் சாக்பீஸ் வெள்ளை இன்னும் போகவில்லை.