படத்துக்குள் உட்கார்ந்த சம்பந்தி

பட்டாபிராம் செங்கல்வராயன், தான் வேலை பார்த்த பாடித் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்ட 1989ஆம் வருஷத்து ஆடி மாதம், முன்னறைச் சுவரிலிருந்த எண்ணெய் ஓவியத்துக்குள் குடிபோனார். ஆவடியில் ஒரு பட்டாள அதிகாரி வீட்டைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்த படம் அது. வெள்ளைக்காரர் வீட்டு அறை. மெத்தை வைத்த சாய்வு நாற்காலி, தரையில் கம்பளம், கணப்பில் எரியும் நெருப்பு, பக்கத்தில் ஒரு பூனை, எல்லாம் அப்படியே தத்ரூபம். அவர் போய் அந்த நாற்காலியில் சாய்ந்தார். அதோடு சரி. வேளாவேளைக்குத் தட்டை உள்ளே நீட்டுவதும், கணப்புச் சூட்டில் வியர்த்து நனைந்த பனியனை வாங்கித் துவைப்பதும் மனைவி லோகநாயகியின் தலையில் விழுந்தது. பூனைக்கு வேறு தினம் பால் கேட்டார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். மகள் வசந்தாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா சாமுண்டீஸ்வரி, படத்தைக் கண்டதும் எழுந்து கும்பிட்டு, "எப்ப தவறினாரு?" என்று கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய மனுஷரை அந்தப் பக்கத்தில் யாரும் வேறு விதமாக நினைத்ததில்லை.

"தவறல. தூங்கறாரு" என்றாள் லோகநாயகி.

சாமுண்டீஸ்வரியின் பார்வை அவள் நெற்றிப் பொட்டில் போய் நின்றது. தாரை வார்க்க அப்பனும் ஆத்தாளும் ஜோடியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் சித்தப்பா சித்தி நின்று கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டிய புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, பெற்ற மகள் கல்யாணத்தில் லோகநாயகி தூண் மறைவில் நிற்பதாவது?

"யோவ், வெளிய வரியா இல்லியா?"

"இங்க சௌரியமா கீதுமே."

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். "இருட்டா கீது" என்றாரே தவிர வரவில்லை.

தை முகூர்த்தத்துக்குப் படத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், மணைக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்தினாள். யாரோ ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் சட்டத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டார். செங்கல்வராயன் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஐயர் சொன்னதும் இரண்டு கையையும் வெளியே நீட்டி, லோகநாயகி நீர் வார்க்க, மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். வீடியோக்காரர் விளக்கை அருகே கொண்டுவந்தபோது, "தள்ளிப் புடி நைனா, வர்ணம் உருகிடும்" என்று அதட்டினார். சாமுண்டீஸ்வரிக்கு ஒரே ஒரு குறைதான், சம்பந்தி எழுந்து நின்றிருக்கலாம் என்று.

அதற்குப் பிறகு லோகநாயகியின் பொட்டை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. வாசலில் யாராவது வந்து, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டால், "ஆணியில கீறாரு, இன்னா சேதி?" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்.