மாமா மாட்டிய போல்ட்

மாமனாரும் மருமகனும் ஒரே ஹெலிகாப்டர் பழுதுபார்க்கும் கூடத்தில் வேலை பார்த்தார்கள். மாமனார் மெக்கானிக், கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் திருகாணி. மருமகன் இன்ஸ்பெக்டர். மாட்டியவரே சரிபார்க்கக் கூடாது என்பது கூடத்தின் விதி. அதனால் அந்த மாதத் தொடக்கத்தில் இந்தக் கூடத்துக்கு மாற்றலாகி வந்த நாள் முதல், மாமனார் கைவைத்த இடத்திலெல்லாம் மருமகன் டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகத் தலையை நுழைக்க வேண்டியிருந்தது. “பொண்ணக் கொடுத்த மனுஷன்கிட்டயே குத்தம் கண்டுபிடிக்கச் சம்பளம்” என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

அன்று காலை மாமனார் ஒரு தண்டைப் புதிதாக மாட்டியிருந்தார். விமானியின் கையசைவை மேலே சுழலும் இறக்கைகளுக்குக் கொண்டுபோகிற தண்டு. மருமகன் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார். தண்டைப் பிடிக்கும் போல்ட்டின் தலை இருக்க வேண்டிய மேல்பக்கத்தில் நட்டு இருந்தது. கண்ணாடிதான் ஏமாற்றுகிறதோ என்று விரலால் தடவியும் பார்த்தார். நட்டேதான்.

“மாமா, கொஞ்சம் வாங்க.”

“என்ன மாப்பிள்ளை?”

“போல்ட் தலைகீழா இருக்கு.”

“இறுக்கமாத்தானே இருக்கு? நட்டு கழலாம லாக் பின்னும் போட்டிருக்கேனே.”

“எல்லாம் சரிதான் மாமா. ஆனா என்னிக்காவது நட்டு கழண்டா, போல்ட் நழுவிக் கீழ விழுந்து, தண்டே கழண்டுடும். தலை மேல இருந்தா நட்டு போனாலும் அது பாட்டுக்கு நிக்கும்.”

“நான் போட்ட நட்டு கழண்டுச்சுன்னு எப்பவாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போக வேண்டிய விமானி எட்டிப் பார்த்தார். “என்ன, கிளம்பலாமா?”

“இல்ல சார். வேலை இன்னும் முடியல” என்றார் மருமகன்.

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் முகம் சிவந்தது. ஏணியில் ஏறி, போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டார். மேலே கை நுழைவதே கஷ்டம். விரல் முட்டி தேய்ந்து ரத்தம் கசிந்தது. மருமகன் மறுபடி பார்த்துக் கையெழுத்திட்டார்.

வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “அத்தனை பேர் முன்னாடி அப்பா மானத்த வாங்கிட்டீங்களாமே? அம்மா போன்ல ஒரே அழுகை.”

“போல்ட்டப் பத்திதான் பேசினேன், உங்கப்பாவப் பத்தி இல்ல.”

“அப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு உங்களுக்குத் தெரியாதா?”

மருமகனுக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாள் மேனேஜரிடம் போய், மாமா வேலையைப் பார்க்க வேறு ஆளைப் போடச் சொன்னார். மேனேஜர் தலையாட்டவில்லை. “உங்க மாமனார் உங்களுக்கு முன்னாடியே வந்துட்டார். ரெண்டாவது மெஷினைப் பறக்க விடாதீங்கன்னு நிறுத்தி வச்சிருக்கார். உங்களத்தான் கூப்பிடுறார். போய்ப் பாருங்க.”

மாமனார் இரண்டாவது ஹெலிகாப்டரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “போன மாசம் இதுலயும் இதே தண்ட நான்தான் மாட்டினேன். டார்ச்சக் கொண்டாங்க.”

மருமகன் பார்த்தார். இங்கேயும் நட்டு மேலே இருந்தது.

“இதையும் முன்னாடி இருந்தவங்க பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே மாமா?”

“எங்க பார்த்தாங்க? ‘திருகாணி மாட்டினதா, சரி’ன்னு போட்டுட்டாங்க. நானும் அதுல குளுந்து போயிருந்தேன்.” உள்ளே காலியாக இருந்த இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தார். “இதுலதான் ஒரு மாசமா தீவுக்கு ஆளுங்க போய் வந்துட்டிருந்தாங்க மாப்பிள்ளை.”

“அதான் நீங்களே நிறுத்திட்டீங்களே. சரி, ஏன் கீழேர்ந்து போட்டீங்க?”

“மேல ஸ்பேனர் போகல. நட்ட ஸ்க்ரூடிரைவரால முட்டுக் கொடுத்துட்டு, கீழேர்ந்து தலையத் திருகறது சுலபமா இருந்துச்சு. பழகிப் போச்சு.”

இருவரும் சேர்ந்து மேனேஜரிடம் அதைச் சொன்னார்கள். அந்த வாரமே கழுத்து வளைந்த குட்டை ஸ்பேனர் வந்தது. போல்ட்டின் தலை வரவேண்டிய பக்கத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். இருந்த எல்லா மெஷின்களையும் திறந்து பார்த்ததில் தலைகீழ் போல்ட் இன்னொன்றும் அகப்பட்டது. அதை மாட்டியது வேறொருவர்.

வேலை முடிந்ததும் மாமனார் மகளுக்கு போன் போட்டார். “உங்கம்மா அழுகைய நான் நிறுத்திட்டேன். உன் புருஷனுக்குப் பேசத்தான் தெரியல. கண்ணு நல்லாத் தெரியுது.”