கில்லேதார் கோட்டைக்கு வாசல் எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என்னுடைய வேறொரு கதையைத் தேடிப் போன இடத்தில் கிடைத்தது.

வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலங்களில் செங்கம் சாலையில் அருணாதேவி நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கதை தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. ஒருநாள் திறந்து பார்த்தால் கதை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. எழுத்துரு போய்விட்டது. மாதக்கணக்கான உழைப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வுடுங்க சார், அதுக்கு பதிலா நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்கோங்க" என்று அருணாதேவி ஆறுதலுக்குச் சொன்னதுதான் இது.

[ஆறுதலாக இல்லை. ஆனால் வேறு கையிருப்பும் இல்லை.]

2

முதல் தொடக்கம்: "நெஞ்சு நிறையக் கனவும் பை நிறையக் குறுந்தகடுமாக வல்லரசு பேருந்திலிருந்து இறங்கியபோது…"

வேண்டாம். நெஞ்சு நிறையக் கனவோடு எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை. தூங்கி வழிந்துகொண்டுதான் இறங்குவார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "கில்லேதாரின் வில்லாளிகள் ஏரிக்கரையில் பதுங்கியிருந்தார்கள்…"

இதுவும் வேண்டாம். சரித்திரக் கதை என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். இரண்டு பத்தி தாண்டியதும் என்னைத் திட்டுவீர்கள்.

மூன்றாவது, இருப்பதைச் சொல்வது: வல்லரசு உள்ளூர்ப் பையன். பெங்களூரில் கணினி விளையாட்டு செய்யும் ஒரு நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தான். அங்கே நவாப் காலத்துச் சண்டை விளையாட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பெயர் 'கில்லேதார்'. கோட்டைத் தலைவன் என்று பொருள். ஆடுகிறவர் கையில் ஒரு குதிரைச் சிப்பாய். வாளும் ஒரு துப்பாக்கியும் உண்டு. அதில் மலைக்கோட்டையைப் பிடிக்கும் கட்டம் மட்டும் வல்லரசு தனியாகச் செய்தது. மலையை அவனேதான் வரைந்தான்.

மேலதிகாரி அவனிடம் சொல்லி அனுப்பியது இதுதான். உன் ஊரில் ஆட்களை ஆடவைத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே திங்கட்கிழமை காலைக்குள் அனுப்பு. பாதிப் பேராவது கோட்டைக்குள் போயிருந்தால் கட்டம் இருக்கும், நீயும் இருப்பாய். போகாவிட்டால் இரண்டும் இருக்காது.

இந்த மூன்றாவது தொடக்கத்தில் அழகு இல்லை. ஆனால் வண்டி நகர்ந்துவிட்டது.

3

அருணாதேவி ஒரு கணினியை அந்த வாரம் முழுக்க அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். ஓசியில் விளையாட்டு என்றதும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆடி முடித்தவர்களிடம் வல்லரசு கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தான். சிலவற்றை மட்டும் தருகிறேன்.

கண்ணாயிரம், கல்லூரி மாணவர்: "குதிர ஓடறது சூப்பரு. சத்தமும் நல்லாருக்குது. ஆனா வழி ரொம்ப ஜாஸ்தி. கடைசி வரைக்கும் வாசலே வரல."

இனியா, மருந்துக்கடையில் வேலை செய்பவள்: "மலைய சுத்திக்கினு போறவங்கள எதுக்கு அம்பு வுட்டுக் கொல்றாங்க? அவங்க இன்னா பண்ணாங்க?"

இருசப்பன், ஆட்டோ ஓட்டுபவர்: "சண்டைலாம் சரி. வழில ஒரு லிங்கம் கூடக் காணோமே. தண்ணிப் பந்தலும் இல்ல. செத்துட்டா முதல்லேர்ந்து நடக்க வுடறது ரொம்ப அநியாயம்."

இருசப்பன் கிண்டல் செய்கிறார் என்று வல்லரசு நினைத்தான். கோட்டைக்குள் ஒருவர்கூடப் போகவில்லை. மலையைச் சுற்றும் வழியில் இருந்த ஏரிச் சேற்றில் பாதிப் பேர் செத்தார்கள், மீதிப் பேரை வில்லாளிகள் முடித்தார்கள். கட்டம் அவ்வளவு கஷ்டமே இல்லை. அவன் ஆடினால் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடுவான். வாசல் எங்கே என்று அவனுக்குத் தெரியும், அதனால் நேரே அங்கே போவான்.

(இந்த இடத்தில் நானும் கொஞ்சம் சங்கடப்பட வேண்டியிருக்கிறது. என் கதைகளுக்குள் நுழைய முடியவில்லை என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் நான் அவர்கள் படிப்பைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன்.)

4

[இங்கே வல்லரசுக்கும் அருணாதேவிக்கும் இடையில் ஒரு காதல் வந்தால் கதை நிற்கும் என்று தோன்றியது. இரண்டு வரி எழுதியும் பார்த்தேன்: "விசைப்பலகையின் மேல் இருவர் விரல்களும் ஒரு…" ஆனால் அவள் அவனைத் தம்பி என்றும் அவன் அவளை அக்கா என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதற்குமேல் கதாசிரியனால் ஒன்றும் செய்ய முடியாது.]

5

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. அருணாதேவியின் வீடு அடி அண்ணாமலையில். மற்ற நாட்களில் வண்டியில் வந்துவிடுவாள். பௌர்ணமியன்று வண்டியை விடமாட்டார்கள், நடைதான். அதுவும் கிரிவலக் கூட்டம் முழுக்க எதிரே வரும். மலையை வலக்கைப் பக்கம் வைத்து ஊரே நடந்து வர, இவள் ஒருத்தி மட்டும் இடக்கைப் பக்கம் வைத்து, தோளை ஒடுக்கிக்கொண்டு, "கொஞ்சம் வழி வுடுங்க, வேலைக்குப் போறேன்" என்று சொல்லிச் சொல்லி வந்து சேருவாள். தப்பாகச் சுற்றுகிறாய் என்று மாதம் ஒருவராவது புத்தி சொல்லாமல் விட்டதில்லை.

அன்று மத்தியானம் அவள் வந்தபோது வல்லரசு பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"இன்னா தம்பி, ஒருத்தரும் உள்ள போலயா?"

"இல்லக்கா. வேலை போச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"நவுரு, நான் ஒரு தபா ஆடிப் பாக்கறேன்."

அவளுக்குக் குதிரையை நடத்தவே தெரியவில்லை. முட்டி மோதி மலையடிவாரம் வந்தாள். வலது பக்கம் திருப்பினாள். ஒரு பாறை, அதன் பின்னால் வாசல். கோட்டைக்குள் போய்விட்டாள்.

"இதுக்கா இத்தினி பேரு செத்தாங்க?" என்றாள்.

"உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்றான் வல்லரசு.

"தெரியாது. நான் வர்ற பக்கம் திருப்பினேன், அவ்ளோதான். நீ வரைஞ்சிருக்கறத பாரு தம்பி. இது நம்ம மலை. நம்ம மலையப் பாத்தா ஊர்ல எவன் வலது பக்கம் திரும்புவான்? எல்லாரும் கிரிவலம் போயிருக்காங்க, கை தானா இடது பக்கம்தான் திருப்பும்."

அவன் திரையைப் பார்த்தான். பிறகு எழுந்து வெளியே போய் நிஜ மலையைப் பார்த்தான். மலை வரைய உட்கார்ந்தபோது அவன் கைக்கு வேறு மலை தெரிந்திருக்கவில்லை.

(ரமணாசிரமம் பக்கம் நடக்கும் கதையில் வெள்ளைக்காரர் இல்லாமல் எப்படி என்று, முதல் வரைவில் வலது பக்கம் திரும்பியது ஒரு ஜெர்மன்காரர். எடுத்துவிட்டேன். அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பாக, வெறுங்காலோடு, மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுகிறார்கள்.)

6

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ. வல்லரசு வாசலை இடது பக்கத்துக்கு மாற்றுகிறான். சாயங்காலத்துக்குள் கண்ணாயிரத்தையும் இனியாவையும் இருசப்பனையும் மறுபடி ஆடவைக்கிறான். எல்லோரும் உள்ளே போகிறார்கள். "இப்பதான் சார் சரியா இருக்குது" என்கிறார் இருசப்பன். வேலை பிழைக்கிறது.

ஆ. மாற்றாமல், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புகிறான். பெங்களூரில் மலையை மலையாக மட்டும் பார்க்கும் ஒருவர் அதைப் படித்துச் சிரிக்கிறார். அல்லது சிரிக்காமல் மூடிவைக்கிறார். இந்த அல்லதுவில்தான் அவன் வேலை தொங்குகிறது.

இ. இரண்டு பக்கமும் வாசல். இதுதான் என் முடிவாக இருந்தது. கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே ஒரு பெருமை. அருணாதேவியிடம் படித்துக் காட்டினேன்.

"ரெண்டு பக்கமும் வாசல் வெச்சா அது கோட்டையா சார், கல்யாண மண்டபமா?" என்றாள்.

7

ஆகவே நடந்ததற்கே திரும்புகிறேன், தெரிந்தவரைக்கும்.

வல்லரசு கோப்பைத் திறந்து வாசலைப் பிடித்துவிட்டான். மவுஸை அமுக்கி இழுத்தால் இடது பக்கம் போய்விடும். அருணாதேவி பின்னால் நின்றிருந்தாள்.

"மாத்தப் போறியா?"

"மாத்துனா எல்லாரும் உள்ள போயிடுவாங்கக்கா."

"நான்?"

அவன் திரும்பிப் பார்க்காமலே, "நீங்க ஒருத்தர்தானேக்கா" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. வேலை போகிற பயத்தில் சொன்னது. ஆனாலும் அதை எழுதும்போது எனக்குக் கோபம் வந்தது. ஆண்டுக்கணக்காகக் கூட்டத்தில் இடிபட்டு வந்தவளுக்கு, ஜென்மத்தில் ஒரே ஒருமுறை வலது பக்கம் ஒரு வாசல் இருந்தது.

அவள் கோபப்படவில்லை. "என்னுதையும் எழுதிடு. ஆட்டம் நல்லாருக்குதுனு போடு" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள். "சாவி உங்கிட்ட இருக்கட்டும். மாத்துனா மட்டும் எங்கிட்ட சொல்லாத."

அவன் சொல்லவில்லை. மாற்றினானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது, எனக்கும் தெரியாது. 'கில்லேதார்' எங்காவது கிடைத்தால் நீங்கள் ஆடிப் பார்க்கலாம். நான் ஆடப்போவதில்லை. கிடைக்காவிட்டால் அவன் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். மணி ஐந்து. வாசல் உங்கள் கையில் பிடிபட்டிருக்கிறது, காலையில் மின்னஞ்சல் போயாக வேண்டும், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அருணாதேவி தெருவில் இறங்கியபோது கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழி அதுதான் என்பதால் அவளும் அதோடு சேர்ந்து, மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.