ஓரேனுக்குச் சர்க்கரையில்லாத காப்பி

வாடகை நாற்காலிகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தவன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டான். "உனக்குத் தெரியாது, நீ ஏத்து" என்றேன். அவனுக்குத் தெரிய நியாயமில்லை. செத்தவள் பெயர் ஓரேன். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒன்பது ஆறுகளின் நாட்டில் படகோட்டியாக இருந்தவள். ஏழு பாகங்கள் முழுக்க ஒரு ராஜாவுக்கும் தலை வணங்காதவள். அவளைக் கடைசிப் பாகத்தில் ஒரு காய்ச்சலில் சாகடித்துவிட்டார் அந்த எழுத்தாளர். சாவுக்கு இரண்டே வரி. பிறகு இளவரசனின் கல்யாண விருந்து தொடங்குகிறது. என்ன கறி, என்ன பழம், யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று அறுபது பக்கம் ஓடுகிறது. மனுஷன் பசியோடு எழுத உட்கார்ந்திருக்க வேண்டும்.

துக்கம் அனுசரிக்கலாம் என்பது எங்கள் வாசகர் கூட்டத்து மிட்ஹத்தின் யோசனை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தும் வேலை அவனுக்கு. வாழ்க்கையில் அவனுக்கு வந்த ஒரே யோசனையும் அதுதான். அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எப்படியோ அப்படியே செய்வது என்று முடிவானது. எல்லோரும் கறுப்பு உடுத்த வேண்டும், சுவரோரம் நாற்காலி போட வேண்டும், காப்பியில் சர்க்கரை கூடாது. அதைப் படம் எடுத்து எழுத்தாளரின் இணையப் பக்கத்தில் போடுவோம், பார்த்து வெட்கப்படட்டும் என்றான். வெட்கப்படுகிற ஆளாக இருந்தால் அறுபது பக்கத்துக்குச் சாப்பாடு எழுதியிருப்பாரா? இருந்தாலும் சரி என்றேன். துக்கம் முடிந்ததும் ஏழு பாகங்களையும் எடுத்துப்போக நபி தானியால் தெருப் பழைய புத்தகக்காரரை வரச் சொல்லியிருந்தேன். பெட்டி கட்டி வாசலருகே வைத்தாயிற்று. ஒரு பக்கம்கூட இந்த வீட்டில் தங்கக் கூடாது.

என் கோபம் எழுத்தாளர் மேல்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். பாதிதான் உண்மை. எனக்கு மொன்ட்ரியாலில் ஓர் அண்ணன் இருக்கிறான், ஹாஸிம். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டவன். முதல் பாகத்தை நாங்கள் ஒரே கட்டிலில் குப்புறப் படுத்துப் படித்தோம். அவன் வேகமாகப் படிப்பான், பக்கத்தைத் திருப்ப விடாமல் நான் கட்டை விரலை வைத்துக்கொள்வேன். அம்மா போன பிறகு இந்த வீட்டை விற்க வேண்டும் என்றான். நான் முடியாது என்றேன். இரண்டு பேரும் சொல்லக்கூடாததை எல்லாம் சொல்லிக்கொண்டோம். பெருநாளுக்குக்கூடப் போன் கிடையாது. ஆனால் ஒரு பாகம் வெளிவந்துவிட்டால் மட்டும், படித்து முடித்ததும் அவன் கூப்பிடுவான். "ஓரேன் என்ன பண்ணா பாத்தியா?" என்றுதான் ஆரம்பிப்பான். வீட்டைப் பற்றிப் பேச மாட்டோம், அம்மாவைப் பற்றிப் பேச மாட்டோம். ஆற்றைப் பற்றியும் படகைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவோம். கடைசிப் பாகம் வந்து மாதங்கள் ஓடிவிட்டன. அவன் கூப்பிடவில்லை. இனி எட்டாவது பாகம் என்று ஒன்று வரப்போவதுமில்லை. அந்த ஆள் கொன்றது ஓரேனை மட்டுமல்ல.

கூட்டத்தில் இன்னொருத்தியான பல் டாக்டர் தாலியா கறுப்பில் வந்தாள், ஆனால் உதட்டுச் சாயத்தோடு. முதல் வாய்க் காப்பிக்கே முகம் சுளித்தவள், "என்னதான் சொல்லு, அந்தக் கடைசிப் பக்கம் நல்லாத்தானே இருந்துச்சு? யாருமே இல்லாம படகு மட்டும் அக்கரைக்குப் போகுதே…" என்றாள்.

"கயித்த அவுத்து விட்டா எந்தப் படகும் போகும்" என்றேன். மிட்ஹத் தொடையில் தட்டிச் சிரித்தான். அந்தக் கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததையும், படிக்கும்போதெல்லாம் மூக்கைச் சிந்தியதையும் நான் சொல்லவில்லை. மட்டமான சமையல்காரனும் ஒரு நாள் நல்ல ரொட்டி சுட்டுவிடுவான். அதற்காக அவன் கையை முத்தமிட முடியுமா?

அப்போதுதான் கீழ்வீட்டு ஃபிக்ரியா அத்தை உள்ளே வந்தாள். நாற்காலிகள் ஏறியதைப் பார்த்திருக்கிறாள். கறுப்பு உடை, கையில் மூடி போட்ட சோற்றுத் தட்டு, கண்ணில் ஏற்கெனவே தண்ணீர். "போனவங்க மிச்ச ஆயுசு உனக்கு இருக்கட்டும் மகளே" என்று என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "யாரு? யாரு போனது?"

"ஓரேன்" என்றான் மிட்ஹத். அவன் வாயில் அந்த முத்திரையைக் குத்தியிருக்க வேண்டும்.

"வெளிநாட்டுப் புள்ளயா? ஐயோ… எங்க போச்சு உயிரு?"

"ரொம்ப தூரத்துல அத்தை" என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது? கை விரித்து ஃபாத்திஹா ஓதினாள். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டோம். தாலியாவின் தோள் சிரிப்பில் குலுங்குவதை அழுகை என்று நினைத்து அவள் முதுகையும் தடவிக்கொடுத்தாள்.

பிறகு கேட்டாள். "குளிப்பாட்டினது யாரு?"

யோசித்துப் பார்த்தேன். புத்தகத்தில் இல்லை. யார் கண்ணை மூடியது, யார் குளிப்பாட்டியது, எங்கே புதைத்தார்கள், ஒன்றும் இல்லை. "தெரியல அத்தை. யாரும் இல்லன்னு நினைக்கிறேன்."

"யாரும் இல்லையா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். முகம் கழுவப் போகிறேன் என்று சமையலறைக்குள் போனாள். அங்கே போனில் யாரிடமோ அழுதுகொண்டிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எதற்கும் அழுவாள்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஹாஸிம்.

"நாஹித், அங்க என்னடி நடக்குது? ஃபிக்ரியா அத்தை போன் பண்ணி என் பொண்டாட்டி செத்துட்டான்னு அழுவுறாங்க! அவ இங்க என் எதிர்லதான் முட்டை பொரிச்சுக்கிட்டு இருக்கா!"

"உன் பொண்டாட்டி இல்லண்ணா. ஓரேன்."

முட்டை பொரியும் ஓசை மட்டும் கேட்டது.

"ஓரேன் செத்துட்டாளா?"

"நீ இன்னும் படிக்கலையா?"

"கொஞ்சம் பாக்கி வச்சிருந்தேன்."

"இத்தனை மாசமாவா? நீயா? பக்கத்தைத் திருப்ப விடலேன்னு என் விரலக் கடிச்சவன்தானே நீ?"

"முடிச்சிட்டா அப்புறம் உன்னை எதுக்குன்னு கூப்பிடுறது?" என்றான்.

பத்தொன்பது வருடமாக அந்த எழுத்தாளர் எழுதியதில் இப்படி ஒரு வரி கிடையாது. எனக்கு அழுகை வந்தது, எல்லோர் முன்னாலும் வந்தது. அடக்கவில்லை. கறுப்பு உடுத்தித்தானே இருக்கிறேன்.

அத்தை சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். "கதையா?" என்றாள். "கதையில செத்தவளுக்கா என்னை ஓத வச்சீங்க?" மிட்ஹத் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினான். அத்தை அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "கதைன்னா மட்டும்? ஒரு பொண்ணக் குளிப்பாட்டக்கூட ஆள் வைக்காம எழுதியிருக்கானே, அவன் வீட்டுல பொம்பளைங்களே இல்லையா?" இதுவரை எத்தனையோ பேர் எழுதிய விமர்சனங்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுகூட இல்லை.

"இரு, எடுத்துட்டு வரேன்" என்றான் ஹாஸிம். காலடியும் இழுப்பறை திறக்கும் சத்தமும் கேட்டன. படித்து நிறுத்தியிருந்த இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். ஓரேன் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள், உயிரோடு. ஒரு பத்திதான் வாசித்தான்.

"மீதி நாளைக்கு" என்று வைத்துவிட்டான்.

கீழே வண்டி மணி அடித்தது. பழைய புத்தகக்காரர். தாலியா என்னைப் பார்த்தாள். நான் வாசலில் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தேன். அத்தையும் அதைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

"துக்க வீட்டுலேர்ந்து சாமான் எதுவும் வெளிய போகாதுய்யா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். "போ, போ!"

அப்படி ஒரு வழக்கம் இந்த ஊரில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். புத்தகக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். ஒன்றும் ஏற்றாத அந்தத் தள்ளுவண்டி, டிராம் தண்டவாளத்தில் ஒரு முறை குதித்து, மெதுவாக எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.